வடிகால் பாரிட்டுக்கும் குளத்துக்கும் ஒரே வட்ட முள் போதுமா? (மலேசியாவின் சுங்கை சிப்புட் தூண்டில்காரர்களுக்கு)

குளத்தடி:
கட்டணக் குளத்துல பாத்தினுக்கு (கெளுத்தி வகை மீன்) இன்னமும் ஜே (J) எழுத்து மாதிரி வளைஞ்ச முள்ளையே கட்டுறாங்க. மீன் இரையை விழுங்கிட்டா தொண்டையில குத்தும். திருப்பி விட்டாலும் பிழைக்கிறது கஷ்டம். வட்ட முள்ளுல முனை தண்டைப் பார்த்து உள்ளே திரும்பியிருக்கு. தொண்டையில குத்தாம வழுக்கி வரும், வாய் ஓரத்துல புரண்டு தாடையைக் கவ்வும். ஜப்பானின் ஒகினாவா குகையில 2016ல வெளியான கண்டுபிடிப்பு, கடல்நத்தை ஓட்டுல செஞ்ச சுமார் 23,000 வருஷத்து முள், அதுவும் வளைஞ்ச வடிவம்தான். ஹருவானுக்கும் (விரால் மீன்) வட்ட முள்ளையே கட்டுங்க.

பாரிட்ராஜா:
அண்ணே, பாத்தினுக்குச் சரி. செம்பனைத் தோட்டத்துப் பாரிட்ல அது வேகாது. வட்ட முள் புரள மீன் விலகி நகரணும், தங்சி (தூண்டில் நரம்பு) சீரா இறுகணும். ஹருவான் அடிச்ச வேகத்துல புல்லுக்குள்ள புகுந்துடும், அதுக்கு நேரமே கிடையாது. இங்கே ரப்பர் தவளையோட இரட்டை முள்தான். ரெண்டு முனையும் மேல்பக்கம் பார்த்து தவளை முதுகோட ஒட்டிப் படுத்திருக்கும், புல்லுல மாட்டாது. மீன் கடிச்சா ரப்பர் அமுங்கி முனை வெளியே வரும்.

வாங்கினதும் விரலால அமுக்கிப் பாருங்க. முனை தலை காட்டலைன்னா குறடால கொஞ்சமா வெளியே வளைங்க. முதுகுக்கு மேல ஒரு மில்லிமீட்டர் போதும். அதிகமா வளைச்சா ஒவ்வொரு வீச்சுக்கும் பாசியைத்தான் இழுப்பீங்க. உள்ளே தண்ணி புகுந்தா அப்பப்போ பிழிஞ்சு விடணும், இல்லேன்னா தவளை மூழ்கிடும்.

குளத்தடி:
தம்பி, பாரிட்ல தவளை முள்ளுன்னா ஒத்துக்கிறேன். ஆனா உயிர் இரையோ மாவோ போட்டு தூண்டில் கம்பியை நட்டு வைக்கிறவங்களும் இருக்காங்களே, அவங்களுக்கு?

டிவிஷன்_3:
அவங்களுக்கு வட்ட முள்ளுதான், ஆனா ரெண்டு தப்பு நடக்குது. முதல் தப்பு, கடிச்சதும் வெட்டி இழுக்கிறது. அப்படி இழுத்தா முள் புரளாம வாயிலிருந்து கழண்டு வந்துடும். கம்பி வளையும்போது ரீலை மட்டும் சுத்துங்க.

ரெண்டாவது, ரொட்டி மாவை முள் முழுக்க அப்புறது. முனைக்கும் தண்டுக்கும் நடுவுல மாவு நிறைஞ்சா அது எதையும் கவ்வாது. மாவு உருண்டையை முள்ளுக்குப் பின்னால சின்ன நூல்ல தொங்க விடுங்க. முள் சைஸ் பெரிசா இருக்கட்டும், வளைவுதான் வெறுமையா இருக்கணும்.

இன்னொண்ணு, முனை பக்கவாட்டுல திரும்பின வட்ட முள்ளை வாங்காதீங்க. கோணம் 15 டிகிரி மாதிரி அதிகமானா ஜே முள்ளைப் போலவே ஆழமாக் குத்தும். 2008லேருந்து அமெரிக்காவின் அட்லாண்டிக் மார்லின், மயில்மீன் போட்டிகள்ல இயற்கை இரைக்கு நேர் முனை வட்ட முள்தான் சட்டம். கடையில முள்ளைச் சமமான மேசைமேல படுக்க வச்சுப் பாருங்க. முனை மேசையை விட்டு எழும்பினா வேண்டாம்.

பாரிட்ராஜா:
அண்ணே, தோமானுக்கு (பெரிய விரால் வகை) இந்த நியாயம் எல்லாம் பேசும்முன் தங்சியைப் பாருங்க. பல்லுல அறுந்துடும். முள்ளுக்கு முன்னால சின்னதா ஒயர் துண்டு கட்டாம இறங்காதீங்க. எந்த முள் போட்டாலும் சரி.