செரியன் நகர் வீடு (குடும்ப குரூப்)

வெள்ளிக்கிழமை

மல்லிகா (காலை 6:52): அம்மா நைட்டு பூரா தூங்கல. கன்னத்துல சுருக்கு சுருக்குன்னு குத்துதாம், தலகாணிய கட்டிப்புடிச்சிகினு உக்காந்தே இருந்துது. 2 மணிக்கு டிராமடால் குடுத்தேன், ஒண்ணும் கேக்கல. புண்ணு நாத்தம் வேற, ஊதுவத்தி கொளுத்தி கொளுத்தி எனக்கே மூச்சு முட்டுது

பாபு (6:58): ஆட்டோ சொல்லட்டா. பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போயிடலாம்

கவிதா (7:20): அப்பா, போன வாரம் அங்கதான சொல்லி அனுப்புனாங்க, இனிமே கேன்சருக்கு கீமோ ரேடியேஷன் எதுவும் தாங்காது வலி இல்லாம பாத்துக்கோங்கன்னு. திரும்ப போனா கேசுவால்டி பெஞ்சுல உக்கார வெச்சு ஒரு ஊசி போட்டு அனுப்புவாங்க. வேண்டியது பாலியேட்டிவ் டீம், வலிய கொறச்சு பாத்துக்கறவங்க. ஒரு மாசமா கத்தறேன்

பாபு (7:26): அதான் அந்த ஹாஸ்பைஸா. சாவுறதுக்கு கொண்டும்போய் உடற எடம். எங்கம்மாவ நான் உடமாட்டேன். காசிமேட்ல கூடை தூக்கி மூணு புள்ளைய ஆளாக்குனவள கடைசில ஹோம்ல போட்டானுங்கன்னு ஜனம் காறித்துப்பும்

கவிதா (7:27): ஹோம் இல்லப்பா அது. ஆயா வீட்லயே இருக்கும், அவங்க வருவாங்க

ரவி (7:41): துட்டு பத்தி யாரும் யோசிக்காதீங்க, நான் இங்கருந்து அனுப்பறேன். ஒரு கம்பெனி பாத்து வெச்சிருக்கேன் ணா, டாக்டர் நர்ஸ் எல்லாம் வீட்டுக்கே வருவாங்களாம், மாச பேக்கேஜ். நெட்ல நாலரை ஸ்டார் போட்டிருக்கு

ரவி (7:41): [படம்]

பாபு (7:49): படத்துல வஞ்சிரம் கூட பளபளன்னு தான் இருக்கும். செவுள தூக்கி பாக்காம எவனாவது மீன் வாங்குவானா

ரவி (7:50): 😅

ஸ்டெல்லா (8:15): மாமா சொல்றது கரெக்ட். எங்கப்பாவுக்கு லிவர் கேன்சர் வந்தப்ப நாங்களும் இப்படி ஒரு கம்பெனிய தான் வெச்சோம், பேர் வேணாம் விடுங்க. ஸ்டாஃப் நர்ஸ்னு ஒரு பொண்ண அனுப்புனாங்க, பாவம் அதுக்கு பிபி பாக்கவே தெரியல, வாரா வாரம் ஆள் வேற மாறும். பெட்சோர் வந்து முதுகுல குழி ஆனத நான் தான் கண்டுபிடிச்சேன், அதுக்கப்புறம் தான் காத்து மெத்தை கொண்டு வந்தாங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வெக்கணும்னு மொதல்லயே சொல்ல மாட்டாங்களா. ஒரு நாள் நைட்டு 1 மணிக்கு அப்பா துடிக்கறார், போன் பண்ணா "மேடம் கம்ப்ளெயின்ட் ரெஜிஸ்டர் பண்ணிட்டோம்"னு ஒரு பையன் சொல்றான். என்னவோ கேபிள் கனெக்ஷன் கட்டான மாதிரி. அப்புறம் அவனே 108க்கு கூப்பிடுங்கன்னான். ஐசியூ, வாயில குழாய், கையக் கட்டிட்டாங்க. நாலு நாள் கண்ணாடி வழியா பாத்தோம். அவ்ளோதான்

மல்லிகா (8:17): ஐயோ ஸ்டெல்லா. இவ்ளோ நடந்துதா, சொல்லவே இல்லையே

ஸ்டெல்லா (8:19): என்னத்த சொல்றது அண்ணி

கவிதா (8:34): சித்தி சொன்னதுல தான் எல்லாமே இருக்கு. பகல்ல எல்லா இடமும் நல்லா தான் இருக்கும். நைட்டு 2 மணிக்கு யார் போன் எடுக்கறாங்க, எடுக்கற ஆளுக்கு ஆயா யாருன்னு தெரியுமா, அதத்தான் பாக்கணும். அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி, உங்ககிட்ட மார்பின் மாத்திரை இருக்கான்னு. இல்லன்னு சொன்னா அப்பவே எந்திரிச்சு வந்துடலாம்

பாபு (8:36): மார்பீனா? அது போதை மருந்து தானே. அம்மாவ அடிமையாக்கவா

கவிதா (8:52): எல்லாரும் இதத்தான் சொல்றீங்க 😤 அப்பா, உலக சுகாதார நிறுவனம் 1986லயே சொல்லி வெச்சிருக்கு, கேன்சர் வலிக்கு மருந்து படி படியா ஏறணும்னு. மொத படி பாரசிட்டமால் மாதிரி, ரெண்டாவது டிராமடால் மாதிரி, அதுலயும் கேக்கலன்னா மார்பின். நாம ஆயாவ ரெண்டாவது படியிலயே நிக்க வெச்சிருக்கோம். வலி இருக்கறவங்களுக்கு அளவு பாத்து வாயால குடுத்தா அடிமை ஆகறது ரொம்ப அபூர்வம். மலச்சிக்கல் வரும், அதுக்கு கூடவே மாத்திரை குடுக்கணும். மொத ரெண்டு மூணு நாள் தூக்கமா இருக்கும், சில பேருக்கு வாந்தி வரும்

தினேஷ் (8:55): அப்ப மெடிக்கல் ஷாப்ல வாங்கிட்டு வரட்டா

கவிதா (8:59): சாதாரண கடையில வெக்க மாட்டாங்கடா. 1985ல போதை மருந்து சட்டம் வந்தப்புறம் லைசென்ஸ் மேல லைசென்ஸ், பயந்துகிட்டு ஆஸ்பத்திரிங்களே ஸ்டாக் வெக்கறத விட்டுட்டாங்க. 2014ல சட்டத்த திருத்தி சுலபமாக்கினாங்க, அங்கீகாரம் வாங்குன இடம் வெச்சுக்கலாம். ஆனா அந்த அங்கீகாரம் வாங்க பல பேர் மெனக்கெடறதே இல்ல. அதனால தான் இந்த ஒரு கேள்வியிலயே ஆள் யாருன்னு தெரிஞ்சுடும்ங்கறேன்

தினேஷ் (9:03): நாளைக்கு லீவு தான். சின்ன மாமா சொன்ன கம்பெனி, கவி சொல்ற பாலியேட்டிவ் ட்ரஸ்ட் டீம், ரெண்டையும் நேர்ல பாத்துட்டு வரேன்

பாபு (9:04): செவுள தூக்கி பாரு

சனிக்கிழமை

தினேஷ் (மாலை 4:48): போயிட்டு வந்துட்டேன். பெருசா டைப் பண்றேன், யாரும் நடுவுல பேசாதீங்க

தினேஷ் (5:16): மொத கம்பெனி. உள்ள போனா ஏசி, செவுத்துல தண்ணி ஊத்துற மாதிரி ஒரு செட்டப், காபி எல்லாம் குடுத்தாங்க. பேசுனவங்க நர்ஸும் இல்ல டாக்டரும் இல்ல, சேல்ஸ். மார்பின் இருக்கான்னு கேட்டேன், "அது லீகல் இஷ்யூ சார், நாங்க எழுதித் தரோம் நீங்க வெளிய ட்ரை பண்ணுங்க"ன்னாங்க. எந்த டாக்டர் வருவார்னு கேட்டா "பேனல்ல இருக்காங்க". ஒரு நர்ஸ் எத்தன பேஷன்ட்ட பாப்பாங்கன்னா அது சொல்லக் கூடாதாம். மூணு மாசம் அட்வான்ஸ், திரும்ப வராது. மூணு மாசம் இருக்குமான்னே தெரியாத ஆளுக்கு எதுக்கு மூணு மாசம்னு கேட்டேன், சிரிச்சாங்க. ஒரு மணி நேரம் இருந்தேன், ஆயா பேர் என்னன்னு ஒருத்தரும் கேக்கல

ரவி (5:18): சே

தினேஷ் (5:47): ரெண்டாவது. மாடில ஒரு ரூம், பிளாஸ்டிக் சேர், பழைய பிரிட்ஜ், ஃபேன் வேற கடகடன்னு. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி அங்க இருந்த சிஸ்டர் கேட்டாங்க, "பாட்டிக்கு அவங்க வியாதி பத்தி என்ன தெரியும்? அவங்களுக்கு என்ன வேணுமாம்?" எனக்கு பதில் தெரியல மாமா. சத்தியமா நாம யாரும் ஆயாவ கேட்டதே இல்ல. மார்பின் இருக்கு, பூட்டுக்குள்ள பூட்டு போட்டு வெச்சிருக்காங்க, ஒவ்வொரு மாத்திரையும் நோட்டுல கணக்கு, மிச்சம் ஆனா நாம திருப்பிக் குடுக்கணுமாம். இல்லாததையும் அவங்களே சொல்லிட்டாங்க. மொத்தமே ரெண்டு நர்ஸ், வாரத்துக்கு ஒரு தடவ வருவாங்க, டாக்டர் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, நைட்டு நேர்ல வர முடியாது. ஆனா நைட்டுக்கு தேவப்படற மருந்த ஒரு டப்பால முன்னாடியே போட்டு எது எப்ப குடுக்கணும்னு தமிழ்ல எழுதிக் குடுத்துடுவாங்க, போன் நைட்லயும் எடுப்பாங்க. காசு முடிஞ்சத குடுங்கன்னாங்க

ஸ்டெல்லா (5:50): அவங்க பாத்த வேற குடும்பம் யார்கிட்டயாவது பேசினியா தினேஷ்?

தினேஷ் (5:58): கேட்டேன் அத்தை. நம்பர் குடுக்க மாட்டோம், அவங்களுக்கு இஷ்டம்னா அவங்களே கூப்பிடுவாங்கன்னாங்க. பஸ்ல வரும்போதே கொருக்குப்பேட்டைலருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். சம்சாரம் தவறி ஆறு மாசம் ஆகுதாம். "காரியம் முடிஞ்சப்புறமும் அந்த நர்ஸ் பொண்ணு ரெண்டு தடவ வந்து டீ குடிச்சிட்டு நான் சாப்புட்டனான்னு கேட்டுட்டு போச்சுப்பா, அவ போனதுக்கப்புறம் அதுக்கு இங்க என்ன வேலை சொல்லு"ன்னார். நான் ஒண்ணும் பேசல, கேட்டுகிட்டே வந்தேன்

பாபு (6:10): வாரத்துக்கு ஒரு வாட்டி பத்துமா. நடுவுல முடியாம போச்சுன்னா?

கவிதா (6:31): நியாயமான கேள்விப்பா. நடுவுல டிரஸ்ஸிங்க்கு நம்ம ஏரியா ஹெல்த் சென்டர்ல பேசறேன், மக்களைத் தேடி மருத்துவம் 2021ல ஆரம்பிச்சதுல இந்த மாதிரி படுத்த படுக்கையா இருக்கறவங்கள வீட்டுல போய் பாக்கறதும் சேத்தி தான். வீட்ல சமாளிக்கவே முடியலன்னா மணலி பக்கம் மாத்தூர்ல ஜீவோதயா இருக்கு, கேன்சர் கடைசி கட்டத்துல இருக்கறவங்கள சேத்து இலவசமா பாக்கறாங்க. அந்த விவரமும் வாங்கி வெச்சுக்கலாம்

தினேஷ் (இரவு 11:55): டெஸ்ட் பண்ணேன். 11:40க்கு கம்பெனிக்கு அடிச்சேன், பாட்டு தான் ஓடுது. 11:50க்கு ட்ரஸ்ட் நம்பர், மூணாவது ரிங்ல எடுத்துட்டாங்க, தூக்கக் கலக்கத்துல "செரியன் நகர் பாட்டி பேரனா? வலி ஜாஸ்தியா?"ன்னாங்க. நான் சும்மா தான் பண்ணேன்னு சொல்ல வெக்கமா போச்சு. ஒருத்தர எழுப்பி விட்டுட்டேன்

பாபு (11:58): நாளிக்கு வர சொல்லு

ஞாயிற்றுக்கிழமை

தினேஷ் (காலை 9:12): கம்பெனிலருந்து இப்ப தான் கால். "நேத்து இன்ட்ரஸ்ட் காட்டுனீங்க சார், இன்னிக்கு புக் பண்ணா டிஸ்கவுண்ட்"

ரவி (9:13): பிளாக் பண்ணுடா

மல்லிகா (மதியம் 1:35): சிஸ்டர் வந்துட்டு போயிட்டாங்க. சேர் போட்டேன், வேணாம்னு அம்மா பாய் பக்கத்துல கீழயே குந்திகினாங்க. எங்கள வெளிய போவ சொல்லல, ஆனா எங்ககிட்ட பேசவே இல்ல, அம்மாகிட்டயே பேசுனாங்க. பத்து விரல காட்டி எத்தன விரலு வலின்னு கேட்டாங்க, அம்மா ஒம்போது காட்டுச்சு. என்கிட்ட எப்பவும் பரவால்லன்னு தான் சொல்லும். அப்புறம் உங்க உடம்புக்கு என்னன்னு தெரியுமாம்மான்னு கேட்டாங்க, நான் பதறிட்டேன், அண்ணன் வாசப்படியில நின்னுகினு வேணாம் வேணாம்னு கைய ஆட்டுது. அம்மா சொல்லுது, "எனக்கு தெரியும்மா. என் புள்ளைங்களுக்கு தான் தெரியாதுன்னு நெனச்சி நானும் வாயத் தொறக்காம இருந்தேன்"

ஸ்டெல்லா (1:36): 😭

மல்லிகா (1:44): குழாய் போடாத, ஆஸ்பத்திரில கட்டிப் போடாத, இந்த வீட்லயே இருந்துடறேன்னு அதுவே சொல்லிடுச்சு. சிஸ்டர் எழுதிகினாங்க

கவிதா (1:50): அத முறைப்படி எழுதி வெக்கலாம் அத்தை. சுப்ரீம் கோர்ட் 2018ல அனுமதி குடுத்தது, அப்ப மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து வேணும்னு இருந்துது, 2023ல நோட்டரி இல்லன்னா கெசட்டட் ஆபீசர் போதும்னு மாத்திட்டாங்க. நான் பாத்துக்கறேன். புண்ணுக்கு?

மல்லிகா (1:56): மெட்ரோனிடசோல் மாத்திரைய பொடி பண்ணி கழுவுன புண்ணு மேல தூவ சொல்லி காட்டிக் குடுத்தாங்க. பத்து ரூபா சமாச்சாரம், இத சொல்ல ஒரு ஆளு இல்லாம மூணு மாசம் ஊதுவத்தி கொளுத்திகினு இருந்தேன் பாரு

மல்லிகா (2:03): மார்பின் பாதி மாத்திரை, காலைல 6, 10, அப்புறம் 2, 6, நைட்டு 10. பத்து மணிக்கு மட்டும் ரெண்டு பாதியா சேத்து குடுத்துட்டா நடுராத்திரி எழுப்ப வேணாமாம். பேதி மாத்திரையும் உண்டு

கவிதா (2:05): கரெக்டான முறை தான். இன்னொண்ணும் கேட்டீங்களா அத்தை, வீட்டுலயே ஆயிடுச்சுன்னா அவங்க டாக்டர் வந்து இறப்புக்கு காரணம் எழுதற 4ஏ ஃபாரம் குடுப்பாங்களான்னு. 21 நாளுக்குள்ள கார்ப்பரேஷன்ல பதியணும், அந்த நேரத்துல டாக்டர் தேடி அலையக் கூடாது

மல்லிகா (2:06): இப்பவே இத பேசணுமா கவி

கவிதா (2:06): சாரி அத்தை

பாபு (2:20): நான் கேட்டேன். தருவாங்களாம்

திங்கட்கிழமை

பாபு (அதிகாலை 2:07): முழிச்சி பாத்தேன். தூங்குது. கொறட்டை உடுது

ரவி (2:08): நெசமாவா ணா. மூச்சு ஒழுங்கா இருக்கா

பாபு (2:09): பக்கத்துல தான் குந்திகினு கீறேன். கால் கட்டைவிரல அழுத்தி பாத்தேன், "இன்னாடா"ன்னு கேட்டுட்டு திரும்ப தூங்கிடுச்சு

மல்லிகா (2:10): நீ தூங்கல?

பாபு (2:11): மூணு மணிக்கு ஏலத்துக்கு போவணும், இனிமே இன்னா தூக்கம். ஆறு மணி மாத்திரைய மறக்காத. அந்த சிஸ்டர் நம்பர தினேஷ குரூப்ல மேல ஒட்டி வெக்க சொல்லு