ஒரு வரி மாற்றத்துக்கு மூன்று கையெழுத்தா?

திருப்பூர்க்காரன்:
ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் ஐடி பார்க்கிறேன். ஐடி என்றால் நானும் ஒரு பையனும்தான். போன வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு இஆர்பியில் (கம்பெனியின் எல்லா வேலைக்குமான பொது மென்பொருள்) பேக்கிங் லிஸ்டில் ஒரு சின்னத் திருத்தம் செய்தோம். பையர் ஒரு கூடுதல் விவரம் கேட்டிருந்தார், அவ்வளவுதான். அட்டைப்பெட்டி ஸ்டிக்கர் அடிக்கும் புரோகிராமும் அதே டேட்டாபேஸ் டேபிளைத்தான் படிக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. ஸ்டிக்கர் நின்றுபோனது. தூத்துக்குடி போக வேண்டிய கன்டெய்னர் ராத்திரி 11 மணி வரை கேட்டுக்குள்ளேயே நின்றது.

இப்போது முதலாளி, இனி எந்த மாற்றமானாலும் வாரம் ஒரு கூட்டம், மூன்று கையெழுத்து என்கிறார். கணக்குப் பிரிவு, புரொடக்‌ஷன் மேனேஜர், அப்புறம் அவர். இது சரிப்பட்டு வருமா?

ராத்திரி ஷிஃப்ட்:
வரும். சந்தோஷமாகக் கூட்டம் வையுங்கள். வங்கி சிஸ்டங்களில் 18 வருடம் ராத்திரி வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

2012 ஆகஸ்ட் 1, அமெரிக்காவில் நைட் கேபிடல். பங்கு வாங்கி விற்கும் நிறுவனம். புதிய புரோகிராமை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏற்றியவர் ஒன்றை விட்டுவிட்டார். அந்தச் சர்வரில் 2003-க்குப் பிறகு யாரும் பயன்படுத்தாத பழைய புரோகிராம் ஒன்று கிடந்தது. புதியதை இயக்கவேண்டிய அதே ஃபிளாக் (ஆன்-ஆஃப் குறி) அதைத் தட்டி எழுப்பிவிட்டது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் காலி. ஏற்றியதை இன்னொருவர் பார்க்கவேண்டும் என்று அங்கே எழுத்தில் ஒரு விதிகூட இருக்கவில்லை என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையமே சொன்னது. ஒரே ஒரு கண் கூடுதலாகப் பார்த்திருந்தால் போதும்.

தினம் ஒரு ரிலீஸ்:
அண்ணா, நீங்கள் சொன்ன கதை என் பக்கம்தான் பேசுகிறது. எட்டாவது சர்வர் விட்டுப்போனதை எந்தக் கூட்டம் கண்டுபிடித்திருக்கும்? "மாற்றம் அனுமதிக்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். கையால் ஏற்றாமல், தானாக ஓடும் ஸ்கிரிப்ட் ஏற்றியிருந்தால் எட்டும் எட்டாகவே இருந்திருக்கும்.

வெளியாள் குழுவிடம் ஒப்புதல் வாங்குவதால் மாற்றங்கள் சொதப்புவது குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று, மென்பொருள் வேலைமுறைகளை ஆராயும் டோரா ஆய்வுக் குழு 2019 அறிக்கையில் எழுதியது. வேகம் மட்டும் குறைகிறது. வாரக் கூட்டம் வைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? 12 மாற்றங்கள் சேரும். சனிக்கிழமை ராத்திரி மொத்தமாக ஏற்றுவீர்கள். திங்கட்கிழமை காலையில் ஏதோ உடையும். எது உடைத்தது என்று 12 பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். தினம் ஒன்று, சின்னதாக. தவறினால் உடனே ரோல்பேக், அதாவது பழையபடி திருப்பிவிடுவது.

ராத்திரி ஷிஃப்ட்:
ரோல்பேக்கா? 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கணினிப் பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பியதும் சின்ன ஃபைல்தான், தம்பி. 78 நிமிடத்தில் திரும்ப எடுத்தும்விட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்துவிட்டன. விழுந்த கணினி புதிய ஃபைலை எப்படி வாங்கும்? பெரும்பாலும் ஒவ்வொன்றாகப் போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வேகம், வேகம் என்று போனால் இதுதான்.

தினம் ஒரு ரிலீஸ்:
அங்கே தவறு வேகமில்லை, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது. முதலில் ஆயிரம் கணினிக்கு அனுப்பிப் பார்த்திருந்தால் ஆயிரத்தோடு நின்றிருக்கும்.

கூட்டம் போட்டே கெட்டதும் இருக்கிறது. 2018 ஏப்ரல், பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி. போர்டு, ஆலோசகர்கள், கட்டத்துக்குக் கட்டம் அறிக்கை, எதற்கும் குறைவில்லை. ஒரே வார இறுதியில் 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் புது சிஸ்டத்துக்கு மாற்றினார்கள். இரண்டு டேட்டா சென்டரில் ஒன்றில் மட்டும்தான் சுமை கொடுத்துச் சோதித்திருந்தார்கள். 19 லட்சம் பேருக்குக் கணக்கைத் திறக்க முடியவில்லை. 2022-ல் 4.865 கோடி பவுண்டு அபராதம். எத்தனை கையெழுத்து விழுந்திருக்கும், யோசியுங்கள்.

பேக்கப் செல்வி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டேட்டாபேஸ் பார்க்கிறவள் நான். நீங்கள் இருவருமே ரோல்பேக் என்பதை வந்த வழியே திரும்பிப் போவதுபோல் பேசுகிறீர்கள். திரும்பிப் போவதும் ஒரு மாற்றம்தான்.

2012 ஜூனில் ஆர்பிஎஸ் வங்கி. ராத்திரி வரவு செலவுகளை வரிசையாக ஓட்டும் மென்பொருளை அப்டேட் செய்தார்கள். சிக்கல் தெரிந்ததும் எடுத்துவிட்டார்கள். எடுத்தால் என்ன ஆகும் என்று முதலில் சோதிக்கவில்லை. பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒத்துப்போகாமல், மலைபோல் வேலை தேங்கியது. 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிப்பு, 5.6 கோடி பவுண்டு அபராதம். நைட் கேபிடல் கதையிலும் நீங்கள் விட்ட பாதி இதுதான்: பதற்றத்தில் சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் புதியதை எடுத்தார்கள், அப்புறம் அந்த ஏழும் சேர்ந்து ஆட ஆரம்பித்தன.

டேட்டாபேஸில் இன்னும் மோசம். மாலை 4 மணிக்கு மாற்றுகிறீர்கள், 6 மணிக்குத் திரும்புகிறீர்கள் என்றால், நடுவில் விழுந்த இரண்டு மணி நேரப் பதிவை என்ன செய்வது? டேபிளில் புதிய காலம் (column) சேர்ப்பது பெரும்பாலும் எளிது. இருந்ததை நீக்கினாலோ பெயர் மாற்றினாலோ கதை வேறு. இந்த இரண்டுக்கும் ஒரே படிவம், ஒரே கூட்டம் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

திருப்பூர்க்காரரே, ஒரு கேள்வி. அந்தக் கூட்டம் போன வாரமே இருந்திருந்தால், அந்த மூன்று பேரில் ஸ்டிக்கரைப் பற்றி யார் வாய் திறந்திருப்பார்?

ராத்திரி ஷிஃப்ட்:
புரொடக்‌ஷன் மேனேஜர் கேட்டிருப்பார். அதற்குத்தானே கூட்டமே.

திருப்பூர்க்காரன்:
இல்லை அண்ணா. இன்று காலை அவரிடமே கேட்டேன். "பேக்கிங் லிஸ்ட் ஆபீஸ் விஷயம், நான் படிக்காமலேயே போட்டிருப்பேன்" என்றார். ஆனால் பேக்கிங் சூப்பர்வைசர் அக்கா ஒருவர் இருக்கிறார். கேட்டதும், "ரெண்டு வருஷம் முன்னாடி பார்கோடு மாத்துனப்பவும் இப்படித்தானே நின்னுச்சு" என்றார். அப்போது நான் இங்கே வேலையில் இல்லை.

தினம் ஒரு ரிலீஸ்:
அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். இல்லை, கூட்டமே வேண்டாம், அவரை மட்டும் கூப்பிடுங்கள்.

ராத்திரி ஷிஃப்ட்:
அதுவும் ஒப்புதல்தான் தம்பி. பெயரை மாற்றிச் சொல்கிறீர்கள். சரி, அந்த அக்கா கையெழுத்துக்கு என் ஓட்டு. ஆனால் எழுத்தில் இருக்கட்டும். அவர் வேலையை விட்டுப் போனால் அந்த ஞாபகமும் கூடவே போய்விடும்.

திருப்பூர்க்காரன்:
முதலாளியிடம் பேசிவிட்டேன். கன்டெய்னர் கிளம்பும் நாளில் எதையும் தொடுவதில்லை. மற்ற நாட்களில் டெஸ்ட் காப்பியில் மாற்றி, பேக்கிங் ஹாலில் இருக்கும் அதே பிரிண்டரில் லிஸ்டும் ஸ்டிக்கரும் அடித்து, சூப்பர்வைசர் அக்கா பார்த்த பிறகுதான் ஏற்றுவது. எந்த டேபிளை எந்தப் புரோகிராம் படிக்கிறது என்று பையன் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறான், இதுவரை 14 வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தன் கையெழுத்து மட்டும் கட்டாயம் வேண்டுமாம்.

பேக்கப் செல்வி:
ராத்திரி 2 மணிக்குச் சர்வர் படுத்து, அவர் போனை எடுக்காவிட்டால்?

திருப்பூர்க்காரன்:
அதைக் கேட்கவில்லை அக்கா. நாளைக்குக் கேட்கிறேன்.