விஎல்சியில் ஓடுது, என்விஆரில் கறுப்புத் திரை: அனுபவப் பகிர்வு

ஒரு வீடியோ ஸ்ட்ரீம் கணினியில் விஎல்சி பிளேயரில் ஓடுது, ஆனால் என்விஆரில் (கேமரா வீடியோக்களைப் பதிந்து வைக்கும் கருவி) சேர்த்தால் கறுப்புத் திரைதான் வருது என்றால், முதலில் ஸ்ட்ரீம் முகவரியைச் சரிபாருங்க. முகவரிக்குள் எழுதும் பாஸ்வேர்டில் @ இருந்தால், ஹோஸ்ட் பெயர் அங்கேயே தொடங்கிவிட்டதாக நிறைய என்விஆர்கள் எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் %40 போடணும். ஆர்டிஎஸ்பி (கேமராவிலிருந்து நேரலை வீடியோவை எடுக்கும் முறை) போர்ட் பெரும்பாலும் 554. அடுத்தது கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை. விஎல்சி ஏறக்குறைய எதையும் ஓட்டிக் காட்டிவிடும். பல என்விஆர்கள் எச்.264, எச்.265 தவிர வேறெதையும் ஏற்காது. படம் வந்தும் கீழ்ப்பாதி சாம்பல் நிறத்தில் இழுபட்டால் யூடிபியில் (தொலைந்ததை மறுபடி அனுப்பாத முறை) டேட்டா பாக்கெட் தொலைகிறது. தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபிக்கு மாற்றினால் அடங்கிவிடும்.

—

மூல ஸ்ட்ரீம் எச்எல்எஸ் அல்லது ஆர்டிஎம்பி என்ற வேறு முறையில் வந்தால், ஆர்டிஎஸ்பி மட்டும் தெரிந்த என்விஆருக்கு இடையில் ஸ்ட்ரீமை வாங்கி மாற்றிக் கொடுக்கும் ஒரு ரிலே வைத்தே ஆகணும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் ஸ்ட்ரீமை இழுத்து மீடியாஎம்டிஎக்ஸ் என்ற ஸ்ட்ரீம் சர்வருக்குத் தள்ளட்டும். அங்கிருந்து 8554 போர்ட்டில் என்விஆர் எடுத்துக்கொள்ளும். கோடெக் சரியாக இருந்தால் மறுபடி என்கோட் செய்யாதீங்க, அப்படியே காப்பி போதும், சிபியு சும்மா இருக்கும்.

எச்எல்எஸ் வீடியோவைத் துண்டு துண்டாக அனுப்பும், அதனால் நேரத்தைக் கவனிக்கணும். 6 வினாடித் துண்டுகள், மூன்று துண்டு பின்னால் தொடங்கினால் 18 வினாடித் தாமதம். என்விஆர் படம் வந்து சேர்ந்த நேரத்தைத்தான் பதியும். பக்கத்துக் கேமராவோடு ஒப்பிடும்போது ஒரே ஆள் இரண்டு நேரத்தில் தெரிவார். இந்த வித்தியாசத்தை அளந்து சேனல் பெயரிலேயே எழுதிவிடுங்க.

—

மேலே விட்டுப்போனது கீஃப்ரேம், அதாவது மற்ற ஃப்ரேம்களைச் சாராத முழுப் படம். என்னைக் கேட்டால் முதலில் பார்க்கவேண்டியதே இதுதான். எச்.264 வீடியோ உருவாக்கும் எக்ஸ்264 என்கோடரின் இயல்பில் கீஃப்ரேம் இடைவெளி அதிகபட்சம் 250 ஃப்ரேம். 25 எஃப்பிஎஸ்ஸில் அது 10 வினாடி. அசைவில்லாத வராந்தாவில் காட்சி மாறாததால் முழு 10 வினாடியும் ஆகும். பதிவைக் கீஃப்ரேமிலிருந்துதான் ஓட்ட முடியும். முன்பதிவு பஃபர் (அசைவுக்கு முந்தைய சில வினாடிகளைத் தற்காலிகமாக வைத்திருப்பது) இல்லாத என்விஆர், அசைவைக் கண்டபின் அடுத்த கீஃப்ரேமுக்காகக் காத்திருக்கும். கதவைத் திறந்து 4 வினாடியில் உள்ளே போனவர் பதிவிலேயே இல்லாமல் போகலாம். காலி வராந்தாதான் மிஞ்சும்.

மூலத்தில் கீஃப்ரேம் இடைவெளியை 50 ஃப்ரேம், அதாவது 2 வினாடி வையுங்க. பி-ஃப்ரேமையும் (முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களைச் சார்ந்தது) அணைத்துவிடுங்க. மூலம் உங்கள் கையில் இல்லை என்றால் மட்டும் ரிலேயில் மறு என்கோட். அப்போது பிட்ரேட் (வினாடிக்கு டேட்டா அளவு) 4 எம்பிபிஎஸ் வைத்தால் ஒரு சேனலுக்கு ஒரு நாளைக்கு சுமார் 43 ஜிபி. ஹார்டு டிஸ்க்கை அதற்கேற்ப வாங்குங்க.

—

ஒன்று சேர்க்கிறேன்: பொது ஸ்ட்ரீம் முகவரிகளில் டோக்கன் (தற்காலிக அனுமதிக் குறியீடு) இருந்தால் சில மணி நேரத்தில் காலாவதியாகலாம். எஃப்எஃப்எம்பெக் நின்றுபோனால் தானாக மறுபடி தொடங்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு முறையும் புது முகவரியை எடுக்கிற ஸ்கிரிப்டும் வேணும்.