வடிவொத்த திண்மங்கள்: ‘நீள மடங்கு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு ஒரு சொல் வேண்டும்: வடிவொத்த இரு திண்மங்களில் (வடிவம் ஒன்றே, பருமன் மட்டும் வேறு) ஒத்த நீளங்களுக்கு இடையிலான விகிதத்தை, அதாவது scale factor என்பதை, என்னவென்று சொல்வது? ‘உருப்பெருக்கம்’ (magnification) ஒளியியலில் குடியேறிவிட்ட சொல், அதை விட்டுவிடலாம். ‘அளவு காரணி’தான் எனக்கு உறுத்துகிறது. எந்த அளவு? பரப்பளவு, கனஅளவு என்று எல்லாவற்றிலும் அளவு ஒட்டிக்கொண்டிருக்கிறதே.

ஒரு தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் வண்ணம் பூசவேண்டிய பரப்பு நான்கு மடங்காகும், பிடிக்கும் நீர் எட்டு மடங்காகும். நீர் மட்டும் இரட்டித்தால் போதும் என்றால் ஒவ்வொரு நீளத்தையும் சுமார் 1.26 மடங்காக்கினால் சரி, பரப்பு 1.59 மடங்கோடு நின்றுவிடும். ஆக, “இரு மடங்கு பெரிய தொட்டி” என்று கேட்டு வாங்குபவருக்கு மூன்று வெவ்வேறு தொட்டிகள் வந்து சேரலாம்!

அதனால் என் பரிந்துரை ‘நீள மடங்கு’. அது ம என்றால், பரப்பு மடங்கு ம², கனஅளவு மடங்கு ம³. சுருக்கமாகக் ‘கன மடங்கு’ என்று எழுத ஆசைதான். ஆனால் கனம் என்றதும் எடை நினைவுக்கு வரும்.

‘புறப்பரப்பு மடங்கு’ வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. ம² புறப்பரப்புக்கு மட்டும் உரியதல்ல, குறுக்குவெட்டுக்கும் அதேதான். 1638-இல் வெளியான நூலில் கலிலியோ எலும்பை வைத்து விளக்கியது இதைத்தான்: தாங்கும் வலு குறுக்குவெட்டைப் பொறுத்தது, எடையோ கனஅளவைப் பொறுத்தது. நீளம் மும்மடங்கானால் வலு 9 மடங்கு, எடை 27 மடங்கு. அதே வடிவில் பெருக்கிக்கொண்டே போனால் எலும்பு தாங்காது, நீளம் கூடும் விகிதத்தை மிஞ்சித் தடிக்க வேண்டும். இதற்கு (square-cube law) ‘இருபடி-முப்படி விதி’ என்ற பெயர் பொருந்தும்.

— — —

ஐயா, ஒரு தடை. ‘மீச்சிறு பொது மடங்கு’ படித்த மாணவருக்கு மடங்கு என்றாலே முழு எண்தான். 1.26 மடங்கு இடறாதா? அப்புறம், சுருக்கும்போது என்ன செய்வது?

— — —

நல்ல கேள்வி. ‘ஒன்றரை மடங்கு’ என்று எல்லோரும்தான் பேசுகிறோம், அதனால் பின்னம் பெரிதாக இடறாது. சுருக்கம்தான் சிக்கல்: ‘1/50 மடங்கு’ காதுக்கு ஒட்டவில்லை. 1:50 மாதிரிக் கட்டடத்தில் பெரியதைச் சிறியதால் வகுத்து நீள மடங்கு 50, பரப்பு மடங்கு 2,500, கனஅளவு மடங்கு 1,25,000 என்று கொள்ளலாம். எதை எதனால் வகுத்தோம் என்பதை வரையறையிலேயே எழுதிவிடுவோம். வேறு மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் சேர்க்கிறேன்.