கிரேட் ஓஷன் ரோடு ஒரு நாள் டூர்: போய்வந்தவர்கள் எழுதுங்கள்

ஊரிலிருந்து பெற்றோர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் வந்து இறங்கிய முதல் வாரமே வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும்: கடலை ஒட்டி ஓடும் கிரேட் ஓஷன் ரோட்டுக்கு நம் காரிலேயே போகலாமா, டூர் பஸ்ஸில் போகலாமா? நான் டூர் பக்கம். அதுவும் இருபது பேருக்குள் ஏற்றும் சின்ன பஸ், வாய் ஓயாமல் பேசுகிற கைடு. ஏன் என்று சொல்கிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதினால் அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

அப்பா நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடல் அவருக்குப் புதிதில்லை. ரோடு தொடங்கும் டார்கீ ஊரைத் தாண்டியதும் அம்மா அலையைப் பார்க்க, அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஈஸ்டர்ன் வியூவில் ரோட்டின் குறுக்கே மரத்தால் ஒரு வளைவு நிற்கும். எல்லோரும் அதன் கீழே படம் எடுத்து முடிக்கும்வரை எங்கள் கைடு பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, அப்புறம்தான் கதையை ஆரம்பித்தார்.

முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் சுமார் 3,000 பேர் போட்ட ரோடு இது. வேலை தொடங்கியது 1919, முழுப் பாதையும் திறந்தது 1932. கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி, கொஞ்சம் வெடிமருந்து. எட்டு மணி நேர வேலைக்குக் கூலி பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். போரில் திரும்பி வராத தோழர்களுக்கு அவர்கள் எழுப்பிய நினைவுச்சின்னம் இந்த ரோடேதான். செலவான பணத்தை மீட்கச் சுங்கம் வசூலித்தார்கள். 1936-இல் அரசிடம் ஒப்படைத்த பிறகு அதுவும் நின்றது.

அப்பாவின் முகம் மாறியதே அங்கேதான். லோர்ன் தாண்டி மலையும் கடலும் நெருக்கும் இடத்தில் வண்டி நின்றபோது, எல்லோரும் கடல் பக்கம் போனார்கள், இவர் மலைப் பக்கம் போனார். வெட்டிய பாறை முகத்தை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. "இந்த மண்ணுல ரோடு போட்டவன் ராத்திரி தூங்கியிருக்க மாட்டான்" என்றார். நான் அதைக் கைடுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் அப்பா பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். மழைக்காலத்தில் மண் சரிவது, பாறையில் வலை அடிப்பது, தண்ணீர் வடிய வழி விடுவது என்று இரண்டு பேரும் என் வாய் வழியாகப் பேசித் தீர்த்தார்கள். 1924-இல் கேஸினோ என்ற நீராவிக் கப்பல் கேப் பேட்டன் அருகே மாட்டிக்கொண்டு, பாரத்தைக் குறைக்க 500 பீப்பாய் பீரைக் கடலில் தள்ளியதாம். அது கரை ஒதுங்கியதும் ரோடு வேலை இரண்டு வாரம் நின்றுபோன கதையைக் கேட்டு அப்பா சிரித்த சிரிப்பு பஸ் முழுக்கக் கேட்டது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த வளைவைப் பார்த்தபடி போயிருந்தால் இதில் ஒன்றுமே நடந்திருக்காது.

கடலுக்குள் தனித்தனியாக நிற்கும் பாறைத் தூண்களான டுவெல்வ் அப்போஸ்டல்ஸ் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: அது சுண்ணாம்புக்கல், கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து உருவானது. அலை முதலில் மலைமுகத்தில் குகை குடையும், குகை வளைவாகும், வளைவின் நடு விழுந்தால் தூண் தனியாக நிற்கும். கடைசியில் அந்தத் தூணும் விழும். 2005 ஜூலையில் அப்படி ஒன்று சரிந்து இப்போது எட்டுதான் மிச்சம். பக்கத்தில் லண்டன் பிரிட்ஜ் என்ற இயற்கைப் பாறை வளைவு 1990 ஜனவரியில் கரையோடு இருந்த தொடர்பு அறுந்து விழுந்து, இரண்டு பேர் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ள, ஹெலிகாப்டர் வந்து மீட்டது. இதைக் கேட்டுவிட்டுப் பார்க்கிறவர் கண்ணுக்கு அந்தத் தூண்கள் வேறு மாதிரி தெரியும்.

* * *

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், படிக்கவே சந்தோஷமாக இருந்தது. நானும் டூர் கட்சிதான். ஆனால் எந்தத் திசையில் போகிற டூர் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வழக்கமான டூர் எல்லாம் கடற்கரை வழியாகப் போய், மதியத்துக்கு மேல் அப்போஸ்டல்ஸ் சேரும். அந்த நேரத்தில், அதுவும் டிசம்பர், ஜனவரி விடுமுறையில், தடுப்புக் கம்பி ஓரம் நிற்கவே இடம் கிடைக்காது. 'ரிவர்ஸ்' என்று விற்கும் டூர் காலையில் உள்நாட்டு வழியாக நேரே அங்கே போய்விட்டு, கடற்கரை வழியாகத் திரும்பும். கூட்டம் வருவதற்குள் பார்த்து முடித்துவிடலாம்.

வழக்கமான திசையில் போனால் இடது ஜன்னல். கடல் அந்தப் பக்கம். ரிவர்ஸ் என்றால் வலது. லோர்னிலிருந்து அப்பல்லோ பே வரை வளைவுக்கு மேல் வளைவு, வயிற்றைப் பிரட்டும். வாந்தி வரும் உடம்பு என்றால் முன் இருக்கை கேளுங்கள், மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். வளைவில் ஏறின பிறகு போட்டுப் பயனில்லை.

* * *

எங்களுக்கு வாய்த்தது வேறு மாதிரி. பெயர் சொல்ல விரும்பவில்லை. பெரிய கோச், டிரைவர் ஒலிநாடாவைப் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டே இருந்தார். நினைவுப்பொருள் கடையில் ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள், அப்போஸ்டல்ஸில் இருபது நிமிடம். கார் நிறுத்தத்திலிருந்து பார்வை மேடைக்கு நடந்து போய்வரவே அது சரியாகிவிட்டது. மாமியார் பாதி வழியில் நின்றுவிட்டார், "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்று. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம் நிற்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சொல்ல மறுக்கிற ஆளிடம் போகாதீர்கள்.

* * *

யாரும் லாக் ஆர்ட் கோர்ஜைச் சொல்லவில்லையே! அப்போஸ்டல்ஸிலிருந்து காரில் சில நிமிடம்தான். என்னைக் கேட்டால் அந்த நாளின் உச்சம் அதுதான், அங்கே நிறுத்தாத டூரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எங்கள் கைடு எங்களைப் படிக்கட்டு வழியாகக் கீழே மணலுக்கு அழைத்துப் போனார். இரண்டு பக்கமும் செங்குத்தான மஞ்சள் பாறை, நடுவில் குறுகலான வாய், அதன் வழியாக அலை உள்ளே வருகிறது. எங்களை வாய்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தார். இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு வந்துகொண்டிருந்த லாக் ஆர்ட் என்ற பாய்மரக் கப்பல், பயணம் முடியப்போகிறது என்ற மகிழ்ச்சியில் இருந்த 54 பேரோடு, 1878 ஜூன் 1 விடியற்காலை மூடுபனியில் கரை தெரியாமல் மட்டன் பேர்டு தீவின் பாறையில் மோதியது. பிழைத்தது இரண்டே பேர், இருவருமே பதின்வயது தாண்டாதவர்கள். கப்பலில் வேலை பழகிய டாம் பியர்ஸ் கவிழ்ந்த படகைப் பிடித்தபடி இந்தப் பள்ளத்துக்குள் அடித்து வரப்பட்டார். மணலில் கிடந்தவருக்குக் கடலில் ஒரு பெண் கத்துவது கேட்டது. மறுபடியும் தண்ணீரில் இறங்கினார். ஏவா கார்மைக்கேலை இழுத்துக் கரை சேர்க்க ஒரு மணி நேரம் பிடித்தது. குகையில் படுக்கவைத்து, ஒதுங்கிய பெட்டியில் இருந்த பிராந்தியைக் கொடுத்துவிட்டு, அந்தப் பாறையில் ஏறிப் போய்ப் பண்ணை ஆட்களைக் கூட்டிவந்தார்.

ஏவா அந்தக் கப்பலில் பெற்றோரையும் உடன்பிறந்த ஐந்து பேரையும் இழந்தவர். அயர்லாந்துக்கே திரும்பிப் போய்விட்டார். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் ஆவலாக எழுதினவாம், நடக்கவில்லை. கைடு இதைச் சொன்னபோது எங்கள் கூட்டத்தில் ஒருவரும் போனை வெளியே எடுக்கவில்லை. மேலே ஏறினால் சின்னக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, ஏவாவின் அம்மா அங்கேதான் இருக்கிறார். பக்கத்தில் ஒரு வளைவுப் பாறை 2009-இல் இடிந்து இரண்டு தூணானதும் அவற்றுக்கு டாம், ஏவா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

* * *

வழியில் கென்னட் ரிவர் என்ற ஊரில், மரத்தில் வாழும் கோலா விலங்கைப் பார்க்க நிறுத்துவார்கள். யூகலிப்டஸ் கிளை பிரியும் இடத்தில் சாம்பல் நிற மூட்டை தெரிந்தால் அதுதான். நாளில் பெரும்பகுதி தூங்கும், எழுப்பப் பார்க்காதீர்கள். கிளிகளுக்குத் தீனி கொடுக்கவும் வேண்டாம். பிள்ளைகள் ஆசைப்படுவார்கள்தான், ஆனால் அது அவற்றுக்குக் கெடுதல்.

* * *

உள்நாட்டு வழியைப் பற்றியும் இரண்டு வரி. கடல் முடிந்ததும் பஸ்ஸில் எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள், எனக்கு அது பொறுக்காது. போர்ட் கேம்ப்பெல்லிலிருந்து சிம்ப்சன், கோலாக் பக்கம் வரும் ரோட்டில் பச்சை மேடுகள், கறுப்பும் வெள்ளையுமாகப் பால்மாடுகள், காற்றை மறிக்க வரிசையாக நட்ட மரங்கள். இது முன்பு ஹேட்ஸ்பரி காடு. போன நூற்றாண்டின் நடுவில்தான் காட்டை அழித்துக் குடும்பம் குடும்பமாகப் பண்ணை கொடுத்துக் குடியேற்றினார்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது அந்த மேடுகளைப் பார்க்க வேண்டும். விழித்திருங்கள்.

மாமியாரை அழைத்துப்போன நண்பருக்கு: இன்னொரு முறை அழைத்துப் போங்கள். பார்வை மேடைக்குப் போகும் பாதை ரோட்டுக்கு அடியில் சுரங்கம் வழியாகப் போகிறது, படிகள் இல்லாமலே கடல் பக்கம் வந்துவிடலாம். அவகாசம்தான் வேண்டும். லாக் ஆர்டிலும் கீழே இறங்க முடியாதவர்கள் மேலிருந்தே அந்தக் குறுகிய வாயை முழுசாகப் பார்க்கலாம். கடற்கரைக்கு இறங்கும் கிப்சன் ஸ்டெப்ஸ் படிக்கட்டை மட்டும் விட்டுவிடுங்கள்: 86 படி, ஏறுவது மூட்டுக்கு ஆகாது, கடல் பொங்கினால் மூடியும் வைத்திருப்பார்கள். தனி வேன் எடுத்தால் எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்று நீங்களே சொல்லலாம். நாலைந்து பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். இங்கே குளிர் தொடங்கும் மே மாதம் போவதாக இருந்தால் காற்று எலும்பைக் குத்தும், அவருக்குக் காதை மூடும் குல்லா எடுத்து வையுங்கள்.