கல்லில் என்ன வசனம்?

குழு: யோவான் தாத்தா குடும்பம், தண்டையார்பேட்டை

அருண்: கல் வெட்டுகிறவர் கடையில் நிற்கிறேன், காசிமேட்டில். அப்பா பெயர் ராஜன், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் எழுதிக் கொடுத்தாச்சு. கீழே என்ன வசனம் என்று கேட்கிறார். 30-ஆம் நாளுக்குள் கல் வேண்டுமென்றால் இன்றைக்கே சொல்லணுமாம். எட்டு மணிக்குக் கடை சாத்திவிடுவார்

அருண்: எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. சின்னதா சொல்லுங்க

பிரவீன்: கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்

பிரவீன்: முடிஞ்சது

ஸ்டெல்லா அத்தை: அந்த வரிசையில் பாதிக் கல்லில் அதுதான் இருக்கு பிரவீன்

செல்வி: நான்தான் அன்றைக்கே சொன்னேனே. "அவர்களுடைய கிரியைகள் அவர்களோடே கூடப்போம்". வெளிப்படுத்தல் 14:13

அருண்: நீ சொன்னாய். எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்டுச் செய் என்று அம்மா சொன்னார்கள்

பிரவீன்: அங்கேதான் தப்பு நடந்தது

டேவிட் மாமா: பிரைஸ் த லார்ட். செல்வி மனசு நோக வேண்டாம். கிரியை என்று கல்லில் வெட்டினால் பார்க்கிறவன், இவர் நல்லது செய்ததால் பரலோகம் போனார் என்று நினைத்துக்கொள்வான். எபேசியர் 2:8, 9 போடுங்கள். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல"

அருண்: மாமா, அத்தனையும் வெட்டினால் கல்லில் அப்பா பெயருக்கு இடம் இருக்காது

செல்வி: கிரியைகளினால் உண்டானதல்ல என்று அப்பா தலைமாட்டில் எழுதி வைக்கணுமா மாமா? ராத்திரி ரெண்டு மணிக்கு யார் வந்து கதவைத் தட்டினாலும் எழுந்து ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனவர். ஆர்எஸ்ஆர்எம் பிரசவ ஆஸ்பத்திரிக்கு எத்தனை பிரசவம் கொண்டு போய் விட்டார் என்று இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அடக்கத்தன்று எழில் நகரிலிருந்து ஒரு அக்கா வந்து என் கையில் மடித்த நோட்டு ஒன்றை வைத்தது. என்ன என்று கேட்டால், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருந்த ராத்திரி, சுற்றிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு அப்பா வாங்காமல் விட்ட கூலியாம். அந்தப் பிள்ளை இப்போது ஆறாவது படிக்கிறான், பக்கத்திலேயே நின்றான்

டேவிட் மாமா: அதில் பெருமைபாராட்ட ஒன்றுமில்லை என்பதுதான் வசனம்

செல்வி: அப்பா பாராட்டவில்லை. நான்தான் பாராட்டுகிறேன்

ஸ்டெல்லா அத்தை: 👍

காந்தா பெரியம்மா: இனிய மாலை வணக்கம் 🌹 இந்த ஜெபத்தைப் பத்து பேருக்கு அனுப்புங்கள். நாளைக்குள் ஒரு நல்ல செய்தி வரும். அலட்சியம் செய்யாதீர்கள்

பிரவீன்: பெரியம்மா, இது கிருபையா கிரியையா

காந்தா பெரியம்மா: புரியலப்பா. கண்ணாடி இல்லை

சாமுவேல் சித்தப்பா: எல்லாரும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். இரண்டு வசனமும் வேதத்தில் உள்ளதுதான், ஒன்றை எடுத்து இன்னொன்றை அடிக்க வேண்டியதில்லை. பவுல் ரோமர் 3:28-ல் மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்கிறார். யாக்கோபு 2:24-ல் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்கிறார். இருவரும் சாட்சிக்குக் கூப்பிடுவது ஒரே ஆளை, ஆபிரகாமை. ஆனால் பவுல் காட்டுவது ஆதியாகமம் 15, இன்னும் ஈசாக்கு பிறக்கவில்லை, விருத்தசேதனமும் இல்லை, ஆபிரகாம் நம்பினான், அவ்வளவுதான். யாக்கோபு காட்டுவது 22-ஆம் அதிகாரம், அதே ஆபிரகாம் பல வருஷம் கழித்து மகனை மலைக்குக் கூட்டிப் போகிற இடம். பவுலுக்கு முன்னால் நிற்பவன் விருத்தசேதனம் பண்ணினால்தான் உள்ளே விடுவோம் என்கிறவன். யாக்கோபுக்கு முன்னால் நிற்பவன், பசியோடு வந்தவனிடம் சமாதானத்தோடே போ, பசியாறு என்று வாயால் மட்டும் சொல்லிக் கதவைச் சாத்துகிறவன். ஆள் வேறு, அதனால் பதில் வேறு. சபைச் சீர்திருத்தத்தை ஆரம்பித்த மார்ட்டின் லூத்தருக்கே இது இடித்தது. 1522-ல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டபோது முன்னுரையில் யாக்கோபு நிருபத்தை வைக்கோல் என்று எழுதிவிட்டார். ஆனால் வேதத்திலிருந்து எடுத்துப் போடவில்லை. (தொடரும்)

பிரவீன்: எங்கப்பா தொடரும் போட்டுட்டார்

அருண்: சித்தப்பா, மணி ஏழு இருபது

டேவிட் மாமா: பிரதர், சிலுவையில் தொங்கிய கள்ளன் என்ன கிரியை செய்தான்? யாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான்? இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்றாரே. லூக்கா 23:43

ஸ்டெல்லா அத்தை: பக்கத்தில் தொங்கினவன் ஆண்டவரைத் திட்டினபோது இவன்தானே அதட்டினான். கையும் காலும் ஆணியில் இருக்கு, மிச்சம் இருந்தது வாய் ஒன்றுதான். அதை வைத்துச் செய்ய முடிந்ததைச் செய்தான்

பிரவீன்: அத்தை 🔥

டேவிட் மாமா: சிஸ்டர், உங்கள் கத்தோலிக்க சபையில் புண்ணியத்தைக் கூட்டிக் கூட்டிப் பரலோகம் போகலாம் என்பார்கள். அதனால் அப்படித்தான் தோன்றும்

ஸ்டெல்லா அத்தை: யார் சொன்னது? கடவுளுடைய அருள் முதலில் வராமல் எவனும் ஓரடி எடுத்து வைக்க முடியாது என்றுதான் எங்கள் சாமியார் பிரசங்கம் வைக்கிறார். சும்மா கேள்விப்பட்டதை எழுதாதீர்கள்

சாமுவேல் சித்தப்பா: ஸ்டெல்லா சொல்வது சரி. கத்தோலிக்க சபையின் ட்ரெண்ட் சங்கம் 1547 ஜனவரியில் லூத்தருக்கு எதிராகத் தீர்மானம் போட்டபோதுகூட, நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் மனுஷன் செய்கிற எதுவும் அந்தக் கிருபையைச் சம்பாதிக்காது என்றுதான் எழுதினார்கள். சண்டை அதற்கு அப்புறம் என்ன என்பதில்தான். நீதிமான் என்று தீர்ப்பு சொல்லப்படுகிறானா, உள்ளேயே நீதிமானாக மாற்றப்படுகிறானா, பிறகு செய்கிற நற்கிரியைக்கு ஏதாவது பலன் உண்டா, இப்படி. லூத்தரோடு இந்தச் சண்டை 1517 அக்டோபர் 31-ல் ஆரம்பித்தது, 1999-ல் அதே அக்டோபர் 31-ல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் ஊரில் லூத்தரன்களும் வத்திக்கானும் உட்கார்ந்து, கிருபையினால் மட்டுமே, நம்முடைய தகுதியினால் அல்ல என்று ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 2006-ல் மெத்தடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதற்காக ஒருவரை ஒருவர் சபிக்க வேண்டியதில்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள்

ஸ்டெல்லா அத்தை: 1999-லா?

சாமுவேல் சித்தப்பா: ஆமாம்

ஸ்டெல்லா அத்தை: என் கல்யாணம் 1998. ஒரு வருஷம் தள்ளி வைத்திருந்தால் நீங்கள் கோவிலுக்குள் வந்திருப்பீர்கள் இல்லையா அண்ணா

பிரவீன்: 😶

காந்தா பெரியம்மா: ராஜன்தான் உன்னை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தான். ஆட்டோ முழுக்க சாமந்திப்பூ. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கு

சாமுவேல் சித்தப்பா: அது வேறு விஷயம் ஸ்டெல்லா. இங்கே வேண்டாம்

ஸ்டெல்லா அத்தை: சரி. அருண், ஆட்டோவை விற்கப் போகிறீர்களாமே?

அருண்: யார் சொன்னது அத்தை

ஸ்டெல்லா அத்தை: ஸ்டாண்டில் பேசிக்கொள்கிறார்கள்

செல்வி: 30-ஆம் நாள் முடியட்டும் அத்தை. பார்க்கலாம்

பிரவீன்: டேவிட் மாமா, ஒரு சந்தேகம். உங்கள் பெரிய மகன் பிறந்த ராத்திரி யாருடைய ஆட்டோ

டேவிட் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரவீன்: படிச்சிட்டேன் மாமா

சாமுவேல் சித்தப்பா: பிரவீன், வாயை மூடு

டேவிட் மாமா: அதை நான் மறக்கவில்லை தம்பி. ரெண்டு கல்யாணத்தில் அவர் குடித்துவிட்டு வந்து பேசியதையும் மறக்கவில்லை, அதற்காக நான் ஆறேழு வருஷம் வீட்டுக்கு வராமல் இருந்ததும் எல்லாருக்கும் தெரியும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் ராத்திரி நான்தான் துணைக்கு இருந்தேன். ஒரு மணி இருக்கும், டிரிப் பாட்டில் மாற்றிவிட்டு நர்ஸ் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "டேவிட்டு, நல்லது கொஞ்சம் செஞ்சிருக்கேன். குடிச்சது, மேரியை அழ வெச்சது, எங்கம்மா சாவுக்கு நேரத்துக்கு வராதது, எல்லாத்தையும் கழிச்சா எனக்கு என்ன மிஞ்சும்?" அந்த மனுஷனிடம் நீங்கள் எத்தனை பிரசவம் பார்த்தீர்கள் என்று நான் கணக்குச் சொல்லவா? அவருக்கு அவர் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். எபேசியர் 2:8 சொன்னேன். இன்னொரு தடவை சொல்லு என்றார். சொன்னேன். "இது உங்களால் உண்டானதல்ல" என்ற இடத்தில், அப்பாடா என்றார். அப்புறம்தான் தூங்கினார். அதனால்தான் அந்த வசனம் கேட்கிறேன். வேறு ஒன்றும் இல்லை

அருண்: மாமா, இதை ஏன் எங்களிடம் சொல்லவே இல்லை

டேவிட் மாமா: கேட்கவில்லையே நீங்கள்

செல்வி: அப்பாடா என்றாரா?

டேவிட் மாமா: ஆமாம்மா. அப்படித்தான் சொன்னார்

காந்தா பெரியம்மா: குரல் செய்தி 0:52

பிரவீன்: பெரியம்மா, அழுகைதான் கேட்குது, பேச்சு புரியல

சாமுவேல் சித்தப்பா: சரி. டேவிட் சொன்னதற்கு மேல் நான் பிரசங்கம் பண்ணப் போவதில்லை. ஒன்று மட்டும். செல்வி கேட்கிற வசனமும் தப்பில்லை. கிரியைகள் கூடப்போம் என்றுதான் இருக்கிறது. முன்னால் போய்க் கதவைத் திறக்கும் என்று இல்லை, பின்னால் வருகிறது. யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டு அவள் தைத்துக் கொடுத்த வஸ்திரங்களையெல்லாம் பேதுருவிடம் காட்டினார்கள், அப்போஸ்தலர் 9. இதெல்லாம் கிரியை, உள்ளே எடுத்து வையுங்கள் என்று பேதுரு சொல்லவில்லை. எழில் நகர் அம்மா செய்ததும் அதுதான். எபேசியரில் டேவிட் 9-இல் நிறுத்திவிட்டார், 10-ஐயும் படித்தால் நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று வருகிறது. அதனால் வசனம் முழுதும் வேண்டாம், "எபேசியர் 2:8–10" என்று மட்டும் வெட்டினால் ரெண்டும் வந்துவிடும்

பிரவீன்: அப்பா, கல்லறைக்கு வருகிறவன் வேதத்தையும் கையில் கொண்டு வரணுமா

அருண்: எண்ணுக்கும் எழுத்துக்கூலிதானாம். நடுவில் வருகிற கோட்டுக்கும் உண்டாம்

ஸ்டெல்லா அத்தை: ரெண்டு வசனத்தையும் சின்ன எழுத்தில் வெட்ட முடியாதா?

அருண்: சின்ன எழுத்து கடல் காற்றில் சீக்கிரம் அரித்துவிடும் என்கிறார். தாத்தா கல்லைப் பாருங்கள், "நல்ல போராட்டத்தைப் போராடினேன்" என்பதில் இப்போது போராட்டம் மட்டும்தான் தெரிகிறது

பிரவீன்: தாத்தாவுக்கு அது போதும்

அருண்: அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். என்ன சொல்லட்டும்

செல்வி: பெயரும் தேதியும் மட்டும் இன்றைக்கு வெட்டச் சொல். கீழே ரெண்டு வரிக்கு இடம் விடச் சொல். மாமா சொன்னதை அம்மாவிடம் சொல்லிவிட்டுக் காலையில் முடிவு பண்ணலாம். அம்மாவுக்கும் இது தெரியாது

டேவிட் மாமா: செல்வி, நீ கேட்டதையே போட்டாலும் எனக்கு வருத்தமில்லை

செல்வி: எனக்கே இப்போது தெரியல மாமா

அருண்: சொல்லிட்டேன். நாளைக்குப் பத்து மணி வரைக்கும் டைம்

ஸ்டெல்லா அத்தை: இன்னொரு விஷயம். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு ராயபுரம் பேதுரு கோவிலில் ராஜன் அண்ணனுக்குப் பூசை சொல்லியிருக்கிறேன். வர விருப்பம் உள்ளவர்கள் வரலாம்

செல்வி: நானும் அம்மாவும் வருகிறோம் அத்தை

பிரவீன்: நான் துபாயில் இருக்கிறேன், தப்பித்தேன்

ஸ்டெல்லா அத்தை: சாமுவேல் அண்ணா, ப்ளூ டிக் வந்துவிட்டது

சாமுவேல் சித்தப்பா: மரித்தவர்களுக்காக ஜெபிப்பதில் எனக்கு உள்ள அபிப்பிராயம் உனக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் சபையின் பாஸ்ட்ரேட் கமிட்டியும் இருக்கிறது. பார்க்கிறேன்

ஸ்டெல்லா அத்தை: 1998-லும் கமிட்டிதான்

காந்தா பெரியம்மா: 30-ஆம் நாள் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று யாராவது சொல்லுங்கள். பாய் மட்டன் எத்தனை கிலோ என்று கேட்கிறார்