நாலு வயதுப் பிள்ளையை நன்மை (பூசையில் தரும் நற்கருணை அப்பம்) வாங்கும் வரிசையில் கூட்டிப் போகலாமா?

சோமனூர் தறிக்காரன்:
பாதி சந்தேகம், பாதி பெருமை. எங்களுக்குத் தறி ஓட்டுவதுதான் பிழைப்பு. அந்தச் சத்தத்திலேயே வளர்ந்ததால் என் மகள் வீட்டில் பேசினால் எதிர்வீட்டுக்குக் கேட்கும். நாலு வயது. கோயிலுக்குள் கால் வைத்துவிட்டால் மட்டும் கொலுசு சத்தம் வரக் கூடாதென்று நுனிக்காலில் நடக்கிறாள். தீர்த்தத் தொட்டி எட்டாது. தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வரை நனைத்துக்கொண்டு பெரிதாக ஒரு சிலுவை போடுவாள். பூசையில் ஃபாதர் அப்பத்தை உயர்த்தும்போது எழுந்தேற்ற மணி அடித்தால் யாரும் சொல்ல வேண்டியதில்லை, முழந்தாள்தான்.

நற்கருணைப் பேழை (அந்த அப்பத்தை வைக்கும் பெட்டி) பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தால் சாமி உள்ளே இருக்கிறார் என்று முன்பு சொல்லி வைத்திருந்தேன். பெரிய வெள்ளியன்று விளக்கு எரியவில்லை, பேழைக் கதவும் திறந்திருந்தது. மண்டி போடப் போனவள் பாதியில் நிமிர்ந்து, "அப்பா, சாமி ஊட்ல இல்லீங்களா?" என்றாள். அந்தக் கூட்டத்தில் வேறு யார் கவனித்தார்களோ, இவள் கவனித்தாள்!

சரி, சந்தேகத்துக்கு வருகிறேன். நன்மை வாங்கப் போனால் கூடவே வந்து இவளும் கை நீட்டுகிறாள். கிடைக்காவிட்டால் முகம் வாடிவிடுகிறது. எந்த வயதில் கொடுப்பார்கள்? அப்புறம், இவள் மண்டியிடுவதை மச்சினன் வீடியோ எடுத்துச் சொந்தக்காரர் குரூப்பில் போட்டுவிட்டான். கண்ணு பட்டுவிடும் என்று மாமியார் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார், அதுவும் பூசை முடிந்து வந்த கையோடு. வீடியோ எடுப்பது சரிதானுங்களா?

கோபி மறைக்கல்வி டீச்சர்:
பிள்ளை சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். பெரிய வியாழன் பூசை முடிந்ததும் நற்கருணையை வேறு பீடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அதனால்தான் பேழை காலி. வெள்ளியன்று சிலுவை ஆராதனைக்குப் பிறகு சிலுவைக்குத்தான் மண்டியிடுவோம், அதை அடுத்த வருடம் சொல்லிக்கொடுங்கள்.

புதுநன்மைக்கு, முதல் முறை நன்மை வாங்குவதற்கு, பகுத்தறியும் வயது வர வேண்டும், அதாவது ஏழு வயதுவாக்கில். முன்பெல்லாம் பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயது வரை காக்க வைத்தார்கள். 1910-ல் பத்தாம் பயஸ் பாப்பரசர்தான் அதைக் குறைத்தார். நம் பக்கத்துப் பங்குகளில் மறைக்கல்வி முடித்த பிறகு, பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வகுப்பில் கொடுக்கிறார்கள். அதுவரை இரண்டு கையையும் நெஞ்சின் மேல் குறுக்கே வைத்துக்கொண்டு வரட்டும். ஃபாதரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவார்.

திருப்பூர் அம்மா:
உங்கள் மகளை ஒரு வாரம் எங்கள் வீட்டுக்கு அனுப்புங்களேன்! என் மகனுக்கு அஞ்சு வயது. கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா திருவிழாவில் தேர் எதிரே வரும்போதும் இவன் கண் பலூன்காரர் மேல்தான். ஆனால் வீட்டில் துண்டைத் தோளில் போட்டு, அப்பளத்தைத் தூக்கிப் பிடித்துப் பூசை வைக்கிறான். மணி அடிப்பது என் வேலை, கரண்டியும் டம்ளரும்.

வீடியோ வேண்டாமுங்க. இவன் பூசை வைப்பதை அவன் அப்பா ஒருநாள் படம் எடுத்தார். அன்றிலிருந்து அப்பளத்தைத் தூக்கியதும் போனைத் தேடுகிறான்.

ஈரோடு தாத்தா:
நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கர் இல்லை. எங்கள் சபையில் திடப்படுத்தல் (விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் சடங்கு) எடுத்த பிறகுதான் இராப்போஜனம், நீங்கள் நன்மை என்பது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆயர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். அதற்கே என் பேரன் சட்டை பட்டனைச் சரிபார்த்துக்கொண்டு போவான். ஒன்று மட்டும் சொல்கிறேன் தம்பி, அவள் காதுபட மற்றவர்களிடம் மெச்சாதீர்கள். பெருமையை நீங்கள் மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சோமனூர் தறிக்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. ஃபாதரிடம் சொன்னேன், நெற்றியில் சிலுவை போட்டு விட்டார். இப்போது ரேஷன் கடை வரிசையிலும் கையை நெஞ்சில் குறுக்கே வைத்துக்கொண்டுதான் நிற்கிறாள். வீடியோவை மச்சினன் அழித்துவிட்டான், ஆனால் கண்ணு படும் என்ற மாமியாரே அதற்குள் பல்லடம் வரைக்கும் அனுப்பி முடித்திருந்தார்.